மொந்தேபுல்சியானோவுக்கு எந்த ஊர்?

அன்புராசாவுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு விஷயத்தில் கர்வம் இருந்தது. எந்த முகவரியைப் பார்த்தாலும் அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் தபாற் கந்தோரில் பதினொரு வருடம் கடிதம் பிரித்தவர். 'சின்னத்தம்பி, கோயிலடி' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தைக்கூட எந்தக் கோயிலடி, எந்தச் சின்னத்தம்பி என்று கண்டுபிடித்து அனுப்பிவைத்த மனிதர். அப்படிப்பட்டவரை ஒரு வைன் போத்தல், உள்ளே இருந்ததால் அல்ல, வெளியே ஒட்டியிருந்த லேபிளால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது. இது நடந்தது ரொறன்ரோவில், தொண்ணூற்றேழாம் ஆண்டில்.

தொண்ணூறில் அகதியாக வந்து இறங்கிய ஆறாவது கிழமையே சென். கிளெயர் மேற்கில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. எடுத்துக்கொடுத்தவன் கஸ்பர். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன், அந்தக் குசினியில் பாஸ்ரா அவிப்பவன். முதலாளி தொனாற்றோ முதல் நாள், "எந்த நாடு?" என்று கேட்டார். "சிறீலங்கா" என்றார் இவர். "அதென்ன, இந்தியாவா?"

அப்போது அன்புராசாவின் அகதி வழக்கு விசாரணைக்கே வரவில்லை. யாரோடும் மல்லுக்கட்டாதே என்று பார்க்டேல் வீட்டில் கூட இருந்தவர்கள் எல்லோரும் புத்தி சொல்லியிருந்தார்கள். தலையை ஆட்டிவைத்தார். குசினிச் சுவரில் ஒட்டும் வேலை அட்டவணையில் அவர் பெயர் 'இந்தியா' என்று ஏறியது. அதுவரை இந்தியாவாக இருந்த கஸ்பர், வயதில் இளையவன் என்பதாலோ என்னவோ, 'இந்தியா இரண்டு' ஆனான். கஸ்பருக்கு அது பெரிய பகிடி. அன்புராசாவுக்குப் பகிடியாக இருக்கவில்லை, ஆனால் அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதே நல்ல குணம் என்று நம்பிய தலைமுறை அது. என்னைக் கேட்டால், பாதிக் கஷ்டம் அதனால் வந்ததுதான்.

மனைவி பேபி ஏழு வருடம் கழித்து, தொண்ணூற்றேழு மாசி மாதம் வந்து சேர்ந்தாள். அவளுடைய பதிஞ்ச பேர் கமலாம்பிகை. பேபி என்பது வீட்டுப்பேர். விமான நிலையத்தில் அதிகாரி 'கமலாம்பிகை' என்று மூன்று தரம் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அந்தப் பெயரில் அவளை ஒருவரும் கூப்பிட்டதே இல்லை. வெளியே வந்ததும் கணவனின் கையைப் பிடித்தாள், உடனே விட்டாள், திரும்பவும் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

"ஆரின்ரை கையப்பா இது?" என்று கேட்டு அழத் தொடங்கினாள்.

கோப்பை கழுவுகிறேன் என்று அவர் அவளுக்கு எழுதியதில்லை. பொய்யும் எழுதியதில்லை. 'ஒரு இத்தாலிக்காரரின் கடையில் வேலை' என்றுதான் எழுதினார். பேபி அதைப் புடைவைக்கடை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமையே அவரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனாள். கை தண்ணீரில் கிடக்கும்வரை எந்தக் களிம்பும் உதவாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலையை விடவும் முடியாது, வேலையில் கிடக்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்துக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தவன், ஒஷாவாவில் பீற்சாக் கடை போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தொனாற்றோவுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பேஸ்மென்றில் இருந்து போத்தல் எடுத்துவரச் சொன்னால் பிழையில்லாமல் எடுத்துவருகிறவர் அன்புராசா ஒருவர்தான் என்பதை முதலாளியின் மகள் றீற்றா கவனித்திருந்தாள். அவள்தான் கடையின் வைன் பட்டியலுக்குப் பொறுப்பு. தகப்பனிடம் அவள் எடுத்துச் சொன்னதில் ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று கிழமைக்குள் இருபத்தாறு சிவப்பு வைனையும் படிக்கவேண்டும். எந்தப் பழம், எந்த ஊர், என்ன சுவை என்று கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். தேறினால் பரிமாறலாம். தேறாவிட்டால் கையைத் திரும்பவும் தொட்டிக்குள் விடவேண்டியதுதான்.

படிப்பு என்றால் வாயில் விட்டுப் பார்ப்பதும் சேர்த்தி. றீற்றா பின்னேரங்களில் திறந்திருக்கும் போத்தல்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பாள். வாய்க்குள் உருட்டி, வாளிக்குள் துப்பவேண்டும். அன்புராசா பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கள்ளுக்கூடக் குடித்ததில்லை. முதல் நாள் துப்புகிறேன் என்று பாதியைச் சேட்டில் ஊற்றிக்கொண்டார். அந்தச் சேட்டோடு டஃபரின் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

பேபி கதவைத் திறந்தாள், மணந்து பார்த்தாள், உள்ளே போய்க் கட்டிலில் இருந்தாள். அவளுடைய மூத்த தமையன் குடித்தே செத்தவர்.

"நான் குடிக்கேல்லை பேபி. வாயிலை விட்டுத் துப்பினனான்."

"துப்புறதுக்கோ அவங்கள் சம்பளம் தாறாங்கள்? அண்ணையும் உப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லுவார்."

"சத்தியமா வேலைக்குத்தான். இது தெரிஞ்சால் கோப்பை கழுவத் தேவையில்லை."

பேபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெடித்த கையோடு இருக்கும் புருசன் வேண்டுமா, மணக்கிற வாயோடு இருக்கும் புருசன் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எந்தப் பெண்தான் பதில் சொல்லுவாள்? இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கொப்பியும் கையுமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தாள்.

"குடிகாரர் கொப்பியிலை எழுதிப் பாடமாக்கிறேல்லை. இஞ்சை தாங்கோ, நான் கேக்கிறன்."

அந்தக் கொப்பியைச் சொல்லவேண்டும். இடதுபக்கம் லேபிளில் இருந்தபடி இத்தாலிப் பெயர், வலதுபக்கம் அதைத் தமிழில். கியாந்தி. பரோலோ. பர்பரெஸ்கோ. பர்பேரா. புருனெல்லோ தி மொந்தால்சினோ. ஒன்றைப் பிடித்தால் மற்றது வழுக்கியது. பர்பேராவும் பர்பரெஸ்கோவும் கூடப் பிறந்ததுகள் போல இருக்கும், ஆனால் ஒட்டுமில்லை உறவுமில்லை. தொல்செத்தோ என்றால் 'குட்டி இனிப்பு' என்று றீற்றா சொன்னாள். வாயில் விட்டால் இனிப்பு மருந்துக்கும் இல்லை. கத்தோலிக்கனான கஸ்பரிடம் கேட்டதற்கு, "கோயிலிலை சாமியார் பூசைக்கு வைச்சிருக்கிறதும் முந்திரிகை ரசம்தான் அண்ணை, அதுக்கு நாங்கள் என்ன பேர் கேட்டனாங்களோ?" என்றான். அன்புராசாவின் ஊரான கோண்டாவிலிலும் முந்திரிகைப் பந்தல், அதுதான் திராட்சைப் பந்தல், உண்டு. அங்கேயும் பழத்துக்கு விலை கேட்டார்களே தவிரப் பெயர் கேட்டவர் இல்லை.

பேபி கொப்பியைக் கொஞ்ச நேரம் புரட்டினாள். "இஞ்சாருங்கோ, உதெல்லாம் ஆளின்ரை பேரோ, ஊரின்ரை பேரோ?"

அன்புராசா நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருடம் கடிதம் பிரித்தவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கவில்லை. அன்றிரவே பக்கத்தின் நடுவில் கோடு கீறினார். ஒரு பக்கம் 'ஆள்', மறுபக்கம் 'ஊர்'. பழம்தான் ஆள். பழம் வளர்கிற இடம் ஊர். பரோலோ ஊர், அங்கே இருக்கிற ஆள் நெபியோலோ. பர்பரெஸ்கோவும் பக்கத்து ஊர்; அங்கேயும் அதே நெபியோலோதான். பர்பேராவோ ஆள். கியாந்தி தொஸ்கானா மாகாணத்தில் ஓர் ஊர்ப்பக்கம். அங்கே குடியிருப்பவர் சாஞ்சொவேஸே. அமரோனே என்ற வைனுக்குப் பழத்தை மாதக்கணக்காகக் காயவைத்துப் பிழிகிறார்கள் என்று அவர் வாசித்ததும், "வத்தல் போடுறாங்கள்" என்று பேபி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். சிசிலியில் இருந்து வரும் நேரோ தாவோலாவுக்கு 'அவோலா ஊர்க் கறுவல்' என்று பொருள். அது இருவருக்கும் உடனே பிடித்துக்கொண்டது.

"எங்கடை கறுத்தக்கொழும்பான் மாதிரி" என்றார் அவர்.

"கறுத்தக்கொழும்பான் கொழும்பிலையே காய்க்குது? யாழ்ப்பாணத்து மாம்பழமெல்லோ."

"பேரைச் சொன்னனான். உதை விடும்."

அவர் அதை விட்டிருக்கக் கூடாது. ஆனால் ஆர்வம் கண்ணை மறைக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. கோடு போட்ட பக்கங்கள் கடிதத்தட்டுப் போல நிறைந்துகொண்டு வந்தன. அப்போதுதான் அந்த இரண்டு போத்தல் வந்தது. ஒன்றில் 'மொந்தேபுல்சியானோ தப்ருற்சோ', அதாவது அப்ருற்சோவின் மொந்தேபுல்சியானோ, என்று இருந்தது. அப்ருற்சோ என்பது மலையும் கடலுமான ஒரு மாகாணம், முதலாளி பிறந்த இடம். ஆகவே மொந்தேபுல்சியானோ ஆள். மற்றதில் 'வீனோ நோபிலே தி மொந்தேபுல்சியானோ' என்று இருந்தது. 'தி' வந்தால் அதற்குப் பின்னால் நிற்பது ஊர், ஆகவே இப்போது மொந்தேபுல்சியானோ ஊர். ஒரே சொல் ஒரு போத்தலில் ஆளாகவும் மற்றப் போத்தலில் ஊராகவும் நின்றது. அன்புராசா இரண்டு இரவு அதை உற்றுப் பார்த்தார். மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் வெளிச்சம் வந்தது. சாஞ்சொவேஸேவுக்குத் தொஸ்கானாவில் ஊருக்கு ஊர் வேறு பெயர் என்று றீற்றா சொன்னாள். மொந்தால்சினோவில் அதைப் புருனெல்லோ என்பார்களாம். அட, இதுதானே சங்கதி! ஓர் ஆளுக்குப் பதிஞ்ச பேர் ஒன்று, வீட்டுப்பேர் ஒன்று. அப்படியானால் 'வீனோ நோபிலே' என்று நீட்டி முழக்குவது பதிஞ்ச பேர். வெறும் மொந்தேபுல்சியானோ வீட்டுப்பேர். ஆள் ஒன்றுதான்.

"கமலாம்பிகையும் பேபியும் மாதிரி" என்று மனைவியிடம் சொன்னார். பேபிக்கும் அது சரியாகப்பட்டது. கொப்பியில் இரண்டையும் ஒரே வரியில் எழுதி வளையம் போட்டார்.

சோதனையில் றீற்றா எட்டுக் கேள்வி கேட்டாள். எட்டுக்கும் சொன்னார். அவருடைய கெட்ட காலம், அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

வெள்ளைச் சேட்டும் கறுப்புக் களிசானும் போட்டு அன்புராசா பரிமாற இறங்கிய முதல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு ஞானஸ்நான விருந்து. வந்த நாற்பது பேரும் தொனாற்றோவின் ஊர்க்காரர், அப்ருற்சோக்காரர். முதலாளி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். நடுமேசையில் இருந்த ஞானத்தந்தை, வயதான மனிதர், அன்புராசாவைக் கூப்பிட்டு, "எங்கள் மொந்தேபுல்சியானோவைக் கொண்டுவா" என்றார்.

பேஸ்மென்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அன்புராசா யோசித்தார். சும்மா நாளென்றால் சரி. பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில் வீட்டுப்பேரையா கொண்டுபோவது? அழைப்பிதழில் 'பேபி' என்றா அடிக்கிறோம்? முழுப்பேர் இருந்த போத்தலை எடுத்தார். மேசையில் வைத்து அழகாகத் திறந்தார், ஊற்றினார். பெரியவர் லேபிளைத் திருப்பிப் பார்த்து, இதைக் கேட்கவில்லையே என்றார். அன்புராசா, தான் பாடமாக்கி வைத்திருந்த இங்கிலிசில், புன்னகையோடு சொன்னார்:

"ஐயா, இரண்டும் ஒரே ஆள்தான். இது அவருடைய நல்ல பேர்."

பெரியவர் கிளாசைக் கீழே வைத்தார். ஒரு மனிசி நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இத்தாலியில் கத்தத் தொடங்கினார்கள். அன்புராசா போத்தலைப் பிடித்தபடி முழிசிக்கொண்டு நின்றார். யாரையோ ஏசிவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. யாரை என்று தெரியவில்லை.

தொனாற்றோ வந்து அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்தார், கையைப் பிடித்துக் குசினிக்குள் கொண்டுபோனார். அங்கேதான் வெடித்தார்.

"அது தொஸ்கானா! மலைக்கு அந்தப் பக்கம்! அந்தப் போத்தலில் இருப்பது சாஞ்சொவேஸே! மொந்தேபுல்சியானோ அங்கே ஒரு பட்டணத்தின் பெயர். எங்கள் பழத்துக்கும் தற்செயலாக அதே பெயர், அவ்வளவுதான். இந்த நகரத்தில் முப்பது வருடமாக எல்லாரும் எங்கள் வைனை அவர்களுடைய வைன் என்று நினைக்கிறார்கள். நல்லதென்றால் அவர்களுடையது, மலிவென்றால் எங்களுடையது! என் கடையில், என் ஊர்க்காரர் முன்னால், என் ஆளே வந்து இரண்டும் ஒன்று என்கிறான். எங்களுக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான், விளங்குகிறதா, இந்தியா?"

அன்புராசாவுக்கு விளங்கியது. பேபி சொன்ன மாம்பழம் நினைவுக்கு வந்தது. கொழும்பின் பெயரை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் காய்ப்பது. கையில் கிடைத்த பதிலை 'உதை விடும்' என்று தள்ளிவிட்டது தான்தான். பிழை முழுக்கத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வாய் திறந்தார். ஆனால் காதுக்குள் அந்தக் கடைசிச் சொல் நின்றுகொண்டிருந்தது. ஏழு வருடமாகக் கேட்ட சொல்தான். அன்றைக்கு மட்டும் அது உடம்பெல்லாம் சுட்டது. அவருக்குக் கோபம் வந்தது. ரொறன்ரோ வந்த பிறகு முதன்முதலாக வந்த கோபம்.

"மிஸ்ரர் தொனாற்றோ, நான் இந்தியா இல்லை" என்றார்.

"என்ன?"

"இந்தியா வேறு நாடு. நடுவில் கடல். நான் சிறீலங்கா. அதிலும் யாழ்ப்பாணம். அதிலும் கோண்டாவில். அங்கிருந்து ஓடித்தான் இங்கே வந்தேன். எனக்கென்று இருப்பதும் அந்த ஒன்றுதான்."

பாஸ்ரா அவித்துக்கொண்டிருந்த கஸ்பர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தான்.

"முதல் நாள் கேட்டேனே. நீ ஆமென்று தலையாட்டினாயே" என்றார் தொனாற்றோ.

"தலையாட்டியது என் பிழை. அதற்குப் பிறகு ஏழு வருடம் நீங்கள் ஒருதரமும் கேட்கவில்லை."

சொல்லிவிட்டு அவர் வெள்ளைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். கோப்பைகள் குவிந்து கிடந்தன. கையை விட்டதும் வெடிப்பெல்லாம் எரிந்தது. தொனாற்றோ சரியான போத்தலை எடுத்துக்கொண்டு தானே மேசைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். பேபி அவர் கையில் களிம்பு பூசிக்கொண்டே கேட்டாள்.

"பிழையும் விட்டுட்டு, முதலாளிக்கு வாயும் காட்டிப்போட்டு வந்திருக்கிறியள்."

"ஓம்."

"இனி அந்த வேலை கிடையாது."

"கிடையாது. கழுவிற வேலை கிடக்கோ எண்டதும் தெரியேல்லை."

பேபி பூசி முடித்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆனால் சொன்னது நல்லது" என்றாள். ஏன் நல்லது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கொப்பியை எறியவும் விடவில்லை.

திங்கட்கிழமை கடை பூட்டு. செவ்வாய்க்கிழமை அன்புராசா பின்கதவால் போனார், பழைய ஏப்ரனை எடுத்துக் கட்டினார். புது அட்டவணை சுவரில் இருந்தது. அதற்கு முன்னால் கஸ்பர் தலையைச் சரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ. அப்ப இனி நான் இந்தியா ஒண்டோ?"

கோப்பை கழுவும் வரியில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. அன்புராசா அதைப் பார்த்ததும் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தார். கஸ்பர் அவருடைய தாடையைப் பிடித்து மேலே திருப்பினான். பரிமாறுபவர்களின் வரியில், தொனாற்றோவின் கோணல் எழுத்தில், ஒரு நீளமான பெயர் இருந்தது. அவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

'அன்பு தி கொண்டவில்லோ.'

பின்னால் தொனாற்றோ பேனையோடு நின்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற ஆளுமில்லை. ஏதோ கணக்குச் சோதனைக்கு வந்த பிள்ளை போலக் காதைச் சொறிந்துகொண்டு, "சரியாக எழுதியிருக்கிறேனா?" என்று மட்டும் கேட்டார்.

சரியில்லைதான். நெடில் எல்லாம் போய், கடைசியில் இத்தாலிக்காரரின் 'ஓ' ஒன்று ஒட்டியிருந்தது. கோண்டாவிலில் உள்ள ஒருவருக்கும் அதை வாசித்தால் தங்கள் ஊர் என்று தெரியாது. அன்புராசா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடத்தில் இதைவிட மோசமான முகவரிகள் எத்தனையோ அவர் கைக்கு வந்திருக்கின்றன.

"பரவாயில்லை" என்றார். "இது போய்ச் சேரும்."